பத்து நார்ரா, சார் இல்லாதது

கிரிஸ்புலோ போட்டது ஒரே ஒரு கட்டைவிரல்தான்.

வகுப்புத் தலைவி ஷைரா மே, வரைபடங்களைத் திங்கட்கிழமை கொடுக்கலாமா என்று வகுப்பின் போன் குழுவில் கேட்டிருந்தாள். சரி என்று எழுதச் சோம்பல்பட்டு, நிமிர்ந்த கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனார். மறுநாள் காலை அத்தனை வரைபடங்களும் அவர் மேசைமேல் அடுக்கியிருந்தன. சிலவற்றில் வர்ணம் இன்னும் காயவில்லை. வகுப்பில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை கொடுத்தாப் போதும்னு சொன்னேனே."

"நீங்க கோவமா இருந்தீங்களே சார்."

"நான் எப்ப கோவப்பட்டேன்?"

"கட்டைவிரல் போட்டீங்களே," என்றாள் ஷைரா மே. அவர் செருப்பைக் கழற்றி வீசியதுபோல் இருந்தது அவள் சொன்ன விதம்.

துமகெத்தே நகரத்தில் கால் நூற்றாண்டாக வரலாறு நடத்துகிறவர் கிரிஸ்புலோ. குரல் கணீரென்று இருக்கும். அதுவரை அதுவே போதுமானதாக இருந்தது. இந்த வருடம் தலைமையாசிரியை மேம் தாகாயோ, ஆசிரியர்கள் பிள்ளைகளின் உலகத்துக்குள் போய்ப் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வருடக் கடைசியில் பிள்ளைகளிடமே கேட்பார்களாம். தள்ளி நிற்கிறார் என்று யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ, அவருடைய வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும். பத்தாம் வகுப்பு நார்ரா பிரிவை விட்டுக்கொடுக்க கிரிஸ்புலோவுக்கு மனமில்லை. அந்தப் பிள்ளைகளை அவருக்குப் பிடிக்கும். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கட்டைவிரலுக்குப் பரிகாரமாக, போரில் இறந்துபோன தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒரு பெண் குழுவில் போட்டிருந்த கட்டுரைக்குக் கீழே, மிகுந்த மரியாதையோடு மூன்று மண்டை ஓடுகளை வைத்தார். அந்தப் பெண் மதியம் வரை அழுதாள்.

கணினி ஆசிரியர் ஜோமார் சின்ன வயசுக்காரன். அவனிடம் போய்க் கேட்டார்.

"சார், மண்டை ஓடு போட்டா, சிரிச்சு சிரிச்சே செத்துட்டேன்னு அர்த்தம்."

"செத்ததுக்கு மண்டை ஓடு போடாம வேற என்ன தம்பி போடுவாங்க?"

"ஒண்ணும் போடாம இருந்திருக்கலாம் சார்."

அதன்பிறகு வகுப்புக் குழுவில் அவர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். காலை வணக்கம் சொல்வார். ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். மாலை வணக்கம் சொல்வார். அதற்கும் அப்படியே.

ஒருநாள் ஒரு மாணவன் தன் போனைத் திரையோடு இணைத்துப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, திரையின் உச்சியில் ஒரு செய்தி எட்டிப்பார்த்தது. என்ன செய்தி என்று படிப்பதற்குள் பையன் கம்பியைப் பிடுங்கிவிட்டான். ஆனால் குழுவின் பெயரை வகுப்பே பார்த்துவிட்டது, கிரிஸ்புலோவும்தான்: 'பத்து நார்ரா, சார் இல்லாதது.'

 சில வாரம் அதை மனசுக்குள் வைத்துப் புழுங்கினார். பிறகு பகோலோத் நகரத்திலிருந்து புதிதாக வந்து சேரப்போகும் மாணவன் டியாகோ என்று ஒரு கணக்கைத் தொடங்கி, முகத்துக்குப் பதில் கறுப்புக் கண்ணாடி போட்ட பூனை ஒன்றை வைத்து, அந்தக் குழுவில் சேர அனுமதி கேட்டார். கையில் எடுத்த காபியை வாயில் வைப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது.

உள்ளே ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நீல டால்பின், கிம்ச்சி ராணி, தனிமை ஓநாய் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃப்ரெண்ட்ஸ், நம்ம வகுப்புல யாரு யாரை லவ் பண்றாங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான்," என்று எழுதினாள் கிம்ச்சி ராணி.

"அதோட, நம்மள்ல யாராவது சிகரெட் பிடிக்கிறோமா?" என்றது ஓநாய்.

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் கேள்விதான் கேட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அறிவுத்தாகம் அதிகம் என்று கிரிஸ்புலோ குறித்துக்கொண்டார்.

"நம்ம எல்லாருக்கும் அம்மா மேல பாசம் இருக்குதானே?" என்று டால்பின் கேட்டபோது மட்டும் இதயங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

கொஞ்சம் தைரியம் வந்ததும் டியாகோ கேட்டான்: "கிரிஸ்புலோ சார் எப்படி?"

"நல்ல மனுஷர். கொஞ்சம் சத்தமாப் பேசுவார்," என்றாள் ராணி.

அவர் அதை மனைவி நெனிங்கிடம் படித்துக் காட்டினார். நெனிங் போனை வாங்கிப் பார்த்தாள்.

"பிள்ளைங்க கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வச்சு எழுதுதுங்களே."

"சொல்லிக் கொடுத்தது யாரு?" என்றார் கிரிஸ்புலோ.

அவர் மனதில் மிகவும் தைத்தது ஓநாய்தான். 'வீட்டில் நான் பேசினால் ஒருவரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை' என்று ஒரு மாலை அது எழுதியது. கிரிஸ்புலோ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு டியாகோவாக ஆறுதல் சொன்னார். தனக்கும் அப்படித்தான் என்றார். அதற்காக அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இந்த வயசுல இப்படி ஒரு நண்பன் கிடைப்பான்னு நினைக்கல டியாகோ," என்றது ஓநாய்.

கால் நூற்றாண்டில் எந்த மாணவனும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. குழுவில் அறிந்துகொண்டதை வகுப்பில் பயன்படுத்த வேண்டியதுதான் பாக்கி என்று தீர்மானித்தார்.

இப்போது நமக்குப் பிடித்த நடனம் எது என்று டியாகோ விசாரித்தான். ச்சா-ச்சா என்று எல்லோரும் ஒரே குரலில் கிரிஸ்புலோவின் இளமைக்காலத்து நடனத்தையே சொன்னார்கள். மறுநாள் மணிலாவிலிருந்து கப்பல்கள் மெக்சிகோவுக்குப் போய்த் திரும்பிய கதையை, முன்னே இரண்டடி பின்னே இரண்டடி ச்சா-ச்சா வைத்து நடத்திக் காட்டினார். வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்தது. யாரோ படம் பிடித்தார்கள். சாயங்காலம் மீன் சந்தையில் ஒரு வியாபாரி அவரைக் கண்டதும் முன்னே இரண்டடி வைத்துப் பின்னே இரண்டடி வைத்தான்.

ஆட்டம் எடுபடாததற்குப் படிப்பில் ஈடுகட்டலாம் என்று, சாரிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்று டியாகோ கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் வீட்டுப்பாடம் கொடுக்கலாம்," என்றாள் ராணி.

"சனிக்கிழமையும் வகுப்பு வச்சா ஜாலியா இருக்கும்," என்றது டால்பின்.

கிரிஸ்புலோவின் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை வகுப்பை மறுநாளே அறிவித்தார். அந்தச் சனிக்கிழமை அவரும் பெருக்குகிறவரும் மட்டும் வந்திருந்தார்கள். திங்கட்கிழமை மேம் தாகாயோ கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளைங்க என்கிட்ட வந்து புகார் சொல்றாங்க சார். எதுக்கு இந்த சனிக்கிழமை வகுப்பு?"

"அவங்களாக் கேட்டதுதான் மேம்."

"யார் கேட்டது?"

"சொல்ல முடியாது மேம். நம்பிச் சொன்னாங்க."

 "அப்படி ஒரு ஆசை பிள்ளைங்களுக்கு இருக்குன்னு எனக்கும் தகவல் உண்டு," என்று மட்டும் சொல்லி மேம் தாகாயோ அவரை அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே டால்பின் ஒரு குண்டைப் போட்டது. "வெள்ளிக்கிழமை மூணாவது பீரியட் எல்லாரும் கட் அடிச்சிட்டுக் கடற்கரைச் சாலைக்குப் போகலாமா? யாரெல்லாம் வர்றீங்க, சொந்தப் பேரோட சொல்லுங்க."

எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். ஒருவரும் பெயர் சொல்லவில்லை. சந்தேகம் வரக்கூடாது என்று டியாகோவும் வருகிறேன் என்றான்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பாடவேளை அவருடையது. மேலிடத்தில் சொன்னால் பிள்ளைகள் வைத்த நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். அவர்களுக்கு முன்பே போய் நின்று, இதமாக நாலு வார்த்தை பேசித் திருப்பி அழைத்து வருவது என்று முடிவு செய்தார்.

கடற்கரைச் சாலையில் பொரித்த மீன் விற்கும் டெம்புரா வண்டிக்குப் பக்கத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் பின்னால் ஒதுங்கினார். அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய தொப்பி ஒதுங்கியிருந்தது. தொப்பிக்குள் ஷைரா மேயின் அம்மா.

"கடல் காத்து உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு சார்," என்றாள், அவர் கேட்காமலே.

அடுத்த மரத்தடியில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் பொரித்த மீனைக் குச்சியோடு புளிப்புக் காடியில் தோய்த்து, கவசத்தின் முகக்கண்ணாடியை லேசாகத் தூக்கித் தூக்கித் தின்றுகொண்டிருந்தார். அவர் கடைசி வரிசைப் பையன் ஒருவனின் அப்பா. பின்னால் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே மேம் தாகாயோ.

"உங்களுக்கு இப்ப வகுப்பு இல்லையா சார்?"

"பிள்ளைங்க கட் அடிச்சிட்டு இங்க வர்றதாத் தகவல் மேம்."

"எனக்கும் அப்படித்தான் தகவல்," என்றார் மேம் தாகாயோ.

"எனக்கும்," என்றது தலைக்கவசம்.

"நானும் கேள்விப்பட்டேன்," என்றது தொப்பி, டாக்டரை மறந்து.

இன்னும் சில பெற்றோர் இங்கொருவர் அங்கொருவராக மரங்களின் பின்னாலிருந்து தலை நீட்டினார்கள். பிள்ளைகள்மேல் ஊருக்கு இருந்த அக்கறை கிரிஸ்புலோவை நெகிழ வைத்தது.

"வந்தா யாரும் அதட்டாதீங்க," என்று கெஞ்சினார். "வீட்டுல பேச ஆளில்லாத பிள்ளைங்க. அதுல ஒரு பையன், பாவம், அவ்வளவு மனசு உடைஞ்சு போயிருக்கான்."

தலைக்கவசத்துக்குள் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

காத்திருந்தார்கள். டெம்புரா இரண்டு தடவை தீர்ந்தது. கடைசியில் ஒரு வாடகை ட்ரைசிகிள் வந்து நின்றது. ஷைரா மே மட்டும் இறங்கினாள்.

"சார், மூணாவது பீரியட் முடியப்போகுது. எல்லாரும் வகுப்புல உக்காந்திருக்கோம். நீங்க இந்தப் பக்கம் போனதா வாட்ச்மேன் சொன்னாரு."

"எல்லாருமா? ஒருத்தர்கூட வெளிய வரலையா?"

"எதுக்கு சார் வரணும்?"

கிரிஸ்புலோ அவளைத் தள்ளி அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தாலும் அந்தச் சாலை முழுக்கக் கேட்கும். "உங்க க்ரூப்புல, அதான் சார் இல்லாதது, அதுல எல்லாரும் வர்றேன்னு சொன்னீங்களேம்மா."

ஷைரா மே தொப்பியைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். தலைக்கவசத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு மரமாகப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"அதை விட்டு நாங்க அத்தனை பேரும் வெளிய வந்து மாசக்கணக்காச்சு சார், இப்ப உள்ள இருக்கிறது பூரா பெரியவங்கதான், அதுல நீங்க யாரு?"