இந்த விலைக்கு நானே வச்சுக்கிறேன்

கார் வாங்கும் விஷயத்தில் என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே செய்த முடிவு. அப்போதுதான் எங்கள் பழைய காரைத் தெருமுனை வரை தள்ளிவிட்டு வந்திருந்தேன்.

தைரியத்துக்குக் காரணம் உண்டு. நான் ஒரு பர்னிச்சர் கம்பெனியில் பர்ச்சேஸ் செக்‌ஷன். ஆணி, பசை, ஸ்க்ரூ, சாயம் எதுவும் என் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்டாது. விற்க வருகிறவர்கள் என் அறைக்குள் சிரித்துக்கொண்டே நுழைவார்கள். போகும்போது சிரிப்பை என் மேஜையில் விட்டுவிட்டுப் போவார்கள். பசை விற்கும் ஒருவர் என்னோடு பேரம் பேசிவிட்டுப் போய் ஒரு வாரம் யாரோடும் ஒட்டாமல் இருந்தாராம்.

வீட்டில் மட்டும் எனக்கு அந்த மரியாதை கிடையாது. பரவாயில்லை, பழகிவிட்டது.

அந்தப் பழைய காருக்கு நான் வைத்த பெயர் கிழவி. காலையில் கிழவியைக் கிளப்புவதற்குள் எனக்கு ஆபீஸ் போய்த் திரும்பிய களைப்பு வந்துவிடும். முதலில் சாவியைத் திருப்புவேன். பிறகு கெஞ்சுவேன். பிறகு தெருவில் போகிறவர்களைப் பார்த்து அசடு வழிவேன். நான் சாவியோடு வெளியே வந்தாலே தெருவில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. எடுத்த நாளிலிருந்து ஒரே கேள்விதான்.

"ஏங்க, இன்னைக்கு வண்டியை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு. பிரேக்குக்கு இஷ்டம் இருந்தாத்தான் பிடிக்கும். இது என் கைக்கு மட்டும்தான் அடங்கும்."

"அப்போ எனக்கு அடங்குற வண்டி எப்போ வரும்?"

"வரும், வரும்."

அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவாள். என் ஆபீஸ் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அவள் கிளம்பியாக வேண்டும். அடுத்த தெருவிலிருந்து ஹெட் நர்ஸ் அக்காவும் வந்து சேர்ந்துகொள்வார். மழை நாளில் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்று பஸ்ஸைத் திட்டுவார்கள். பஸ்ஸை மட்டும்தான் திட்டுவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிழவி நல்ல வண்டியாக இருந்திருந்தாலும் நான் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன். டி.வி. ரிமோட் என் கையில் இல்லை. சமையலறையில் என்ன, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் என் கைக்கு அடங்குகிற ஒரே பொருள் அந்த ஸ்டியரிங்தான். அதையும் விட்டுக்கொடுத்தால் நான் என்ன ஆவது?

இப்படி இருக்கும்போது புது கார் வாங்க ஒரு வழி பிறந்தது. அவள் ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்குக் குறைந்த வட்டியில் லோன் கொடுக்கிறார்கள். வண்டி அவள் பேரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தவணையை அவள் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். நான் பெருந்தன்மையோடு சம்மதித்தேன். பேர் யார் பேராக இருந்தால் என்ன, சாவி என் சட்டைப் பையில்தானே கிடக்கப்போகிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பாடம் எடுத்தேன்.

"நாளைக்கு ஷோரூம்ல நீ வாயே திறக்கக் கூடாது."

"சரி."

"பேரம் பேசுறது ஒரு கலை. புதுசை மட்டம் தட்டணும், பழசைத் தூக்கிப் பிடிக்கணும். அப்பதான் புதுசு விலை இறங்கும், பழசு விலை ஏறும்."

"கிழவியையா தூக்கிப் பிடிக்கப் போறீங்க? நாலு பேர் சேர்ந்து தள்ளவே முடியல."

"வாயால தூக்குறதும்மா. நான் என்ன சொன்னாலும் நீ தலையாட்டு. போதும்."

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"யாரைப் பார்த்து என்ன கேக்குற? பேச்சுன்னா எனக்கு ஒரே பேச்சுதான்."

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொல்லி நான் கேட்டதில்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் காலையில் வண்டி தள்ளிய இடுப்பு வலி. போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனோம். கிழவியை ஷோரூம் வாசலில் இன்ஜினை அணைக்காமலேயே நிறுத்தினேன். அணைத்தால் மறுபடி கிளம்புவாள் என்பதற்கு யார் உத்தரவாதம்?

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. டை கட்டிய ஒரு விற்பனையாளர் ஓடி வந்தார்.

"வாங்க சார், வாங்க மேடம். காபியா, ஜூஸா?"

"ரெண்டும் வேண்டாம். அதை விலையில குறைச்சுடுங்க" என்றேன். முதல் அடியே பலமாக இருக்க வேண்டும்.

நீல நிறத்தில் ஒரு கார் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகு. கதவைத் திறந்தேன், கதவு கையோடு வரவில்லை. சீட்டில் உட்கார்ந்தேன், ஸ்பிரிங் குத்தவில்லை. இறங்கவே மனசில்லை. ஆனாலும் வேப்பெண்ணெய் குடித்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு இறங்கினேன்.

"என்ன தம்பி, இது காரா, பொம்மையா?"

"சார், இந்த வருஷம் அதிகமா விக்கிறது இதுதான் சார்."

"ஸ்டியரிங் இப்படி வழவழன்னு திரும்புது. சுண்டு விரலால ஓட்டிடலாம். ஆம்பிளைக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா?"

மனைவியைப் பார்த்தேன். தலையாட்டினாள். "ஆமாம், இவருக்குப் பிடிமானம் வேணும்."

"பின் சீட்ல மனுஷன் உட்கார முடியுமா? முழங்கால் மூக்குல இடிக்கும்."

"இடிக்கும்" என்றாள்.

"கலரைப் பாரு, கண்ணு கூசுது. எனக்கு இந்த வண்டி துளிகூடப் பிடிக்கல தம்பி. இவளுக்காகத்தான் பார்க்கிறேன்."

"எனக்காகத்தான்" என்று பலமாகத் தலையாட்டினாள். அடடா, எப்படிப்பட்ட மனைவி என்று பூரித்துப் போனேன்.

டைக்காரர் கிழவியைப் பார்க்க வாசலுக்கு வந்தார்.

"சார், இன்ஜின் ஓடிட்டே இருக்கு."

"அது எப்பவும் தயாரா இருக்கும். அவ்வளவு சுறுசுறுப்பு."

"ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்!" என்று அலறிவிட்டேன். "ராணிக்கு அதெல்லாம் பிடிக்காது."

"ராணியா?"

"வீட்ல அப்படித்தான் கூப்பிடுறது."

"ராணிதான்" என்றாள் என் மனைவி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

டைக்காரர் கதவைத் திறந்தார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்.

"கழட்டி மாட்டுற வசதி" என்றேன். "தம்பி, இதோட அருமை உங்களுக்குத் தெரியாது. கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கும். நினைச்சாலே போதும், பிரேக் பிடிக்கும். ஒரு நாள்கூட என்னை நடுத்தெருவுல விட்டதில்ல. பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன். பிரியவே மனசு வரல." கடைசி வரியில் என் குரல் தானாகவே தழுதழுத்தது. நடிப்பு அந்த அளவுக்கு வந்துவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்தோம். கிழவிக்கு ஒரு விலை சொன்னார். நான் ஸ்க்ரூவுக்கே அதைவிட அதிகம் கொடுக்கிறேன். "என்ன தம்பி, விளையாடுறீங்களா?" என்றேன். "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன் சார்" என்று அவர் கண்ணாடி அறைக்குள் போனார்.

திரும்பி வந்தார். புதுசில் கொஞ்சம் குறைத்திருந்தார். கிழவியிலும் கொஞ்சம் குறைத்திருந்தார். நான் குதித்தேன். மறுபடி உள்ளே போனார். இப்போது கிழவி விலை ஏறியிருந்தது. புதுசும் கூடவே ஏறியிருந்தது. இன்னும் ஒரு முறை போய் வந்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தொண்டை வறண்டுவிட்டது. அந்தக் காபியை வாங்கிக் குடித்திருக்கலாம்.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். என் ஆபீசில் விற்க வருகிறவர்கள் என் மேல் ஏவுகிற அஸ்திரம் அது. அதைக் கேட்டால் எனக்கே மனசு இளகி இரண்டு காசு கூட்டிக் கொடுத்துவிடுவேன். எழுந்தேன். நாற்காலியைச் சத்தத்தோடு பின்னால் தள்ளினேன்.

"இந்த விலைக்குக் கொடுக்கிறதுக்கு ராணியை நானே வச்சுக்கிறேன்!"

இப்போது டைக்காரர் பதறியடித்து என் கையைப் பிடிக்க வேண்டும். அதுதான் முறை. கையை வாகாக நீட்டிக்கொண்டுகூட நின்றேன். யாரும் பிடிக்கவில்லை.

"சரிங்க, வச்சுக்கோங்க" என்றது ஒரு குரல்.

என் மனைவி.

"நீ சும்மா இரும்மா!"

"நீங்க என்ன சொன்னாலும் தலையாட்டச் சொன்னீங்களே, ஆட்டுறேன்" என்றாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க முதல்ல உட்காருங்க. எத்தனை தடவைதான் உள்ள போயிட்டு வருவீங்க? கால் வலிக்கலையா?"

அந்த மனிதரிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை போலிருக்கிறது. பொத்தென்று உட்கார்ந்தார்.

"வலிக்குது மேடம். காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கேன்."

"வீட்டுக்குப் போனதும் வெந்நீர்ல கொஞ்ச நேரம் கால் வைங்க. அது சரி, உள்ள போனா மேனேஜர் என்னதான் சொல்வார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டார் மேடம். போன் பார்த்துட்டு இருப்பார். நான் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துடுவேன்."

"பாவம். இந்தப் பழசு உங்களுக்கு வேண்டாம். புதுசு மட்டும்தான். கடைசி விலை என்ன சொல்லுங்க."

"பழசு வேண்டாமா? நிஜமாவா மேடம்?" டைக்காரர் முகத்தில் விளக்கு எரிந்தது. கிழவியைத் தன் தலையில் கட்டிவிடுவார்களோ என்று மனுஷன் அதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதே மூச்சில் ஒரு விலை சொன்னார். நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்த விலையைவிடக் குறைவு.

"சீட் கவர் சேர்த்துத்தானே?"

"சேர்த்துத்தான் மேடம்."

என் பக்கம் சாய்ந்து கேட்டாள். "ஏங்க, நியாயமான விலைதானே?"

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. "நியாயம்தான்" என்று முனகினேன். "ஆனா நமக்கு எதுக்கும்மா ரெண்டு வண்டி?"

"ராணி உங்களுக்கு. இது எனக்கு."

"ஐயையோ, புதுசை நான்தான்..."

"உங்களுக்கு இது சரிப்படாதுங்க. பிடிமானம் இல்ல. கலர் கண்ணு கூசுது. துளிகூடப் பிடிக்கலன்னு நீங்களே சொன்னீங்க. தம்பிதான் சாட்சி."

தம்பி தலையாட்டினார். அவரும் ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

"அதுவுமில்லாம, ராணியைப் பிரியணும்னதும் உங்க குரல் தழுதழுத்துப் போச்சு. எனக்கே சங்கடமாயிடுச்சு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாங்க."

அதெல்லாம் பேரத்துக்காகச் சொன்ன பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். டைக்காரர் முன்னால் எப்படிக் கத்துவது? திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"பேச்சுன்னா உங்களுக்கு ஒரே பேச்சு. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தால் கிழவி நிசப்தமாக நின்றாள். உள்ளே நாங்கள் பேசிய பேச்சில் பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது. பெட்ரோல் பங்க் வரை டைக்காரர் தள்ளினார். மேனேஜரும் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து ஒரு கை கொடுத்தார். தள்ளுபடி கேட்டுப் போனேன். தள்ளித்தான் விட்டார்கள்.

அடுத்த வாரம் புது வண்டி தயாரானது. சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். சும்மா நிற்கிறாரே என்று என் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார்கள்.

இப்போதெல்லாம் காலையில் ஹெட் நர்ஸ் அக்கா எங்கள் வாசலுக்கே வந்துவிடுகிறார். முன் சீட் அவருடையது. என் மனைவி ஒரே வெட்டில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறாள். சுண்டு விரலால்தான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

நேற்றுக் காலை கிழவி ஒரேயடியாக மக்கர் பண்ணிவிட்டாள். சாவியைத் திருப்பினேன், கெஞ்சினேன், திட்டினேன். ஒரு முனகல்கூட இல்லை. நீலக் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்னங்க, ராணிக்கு உடம்பு சரியில்லையா?"

"கொஞ்சம்... ஓய்வெடுக்குது."

"ஏறுங்க, போற வழியில விட்டுடுறேன்."

"பின்னாடி தாராளமா இடம் இருக்கு தம்பி" என்றார் அக்கா, முன் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

ஏறினேன். முழங்கால் மூக்கில் இடிக்கவில்லை. காலை நீட்டியே உட்காரலாம். ஆபீஸ் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கண்ணை மூடலாம் என்று பார்த்தேன். போன் அடித்தது. டைக்காரர்.

"சார், வாடிக்கையாளர் கருத்துக்காகக் கூப்பிடுறேன் சார். புது வண்டி எப்படி ஓடுது?"

ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த கண்ணாடியில் இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

"பின் சீட்லேர்ந்து பார்க்கிறதுக்கு ரொம்ப நல்லா ஓடுது தம்பி" என்றேன்.