சீனம் தெரியாத தலை

காலை ஏழு நாற்பது. முதலில் தெரிந்தவை என் பாதங்கள். ஸ்கானர் குழாய்க்குள் மல்லாந்து படுத்திருந்தேன். முகத்துக்கு மேல் சாய்த்துப் பொருத்திய கண்ணாடியில் அவை தூரத்தில், சாம்பல் நிறக் காலுறைகளுடன் அசையாமல் நின்றன. அந்தக் கோணத்தில் மனிதரை நான் இறந்தவர்களைக் கிடத்தும் மலர்ச்சாலைகளில்தான் பார்த்திருக்கிறேன். (பத்திரிகைக்கு மரணச் செய்தி எழுதப் போன இடங்களில்.)

மகள் வாணியும் அவளுடைய தோழி, ஆய்வு மாணவி லின்னும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சீனச் சொல்லின் பொருளை மூளை எங்கே, எப்படிப் பிடிக்கிறது என்பது லின்னின் ஆய்வு. சீனம் வாசிப்பவர்கள் போதிய அளவு கிடைத்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஓர் எழுத்தும் தெரியாத ஒருவர் குறைந்தார். இயந்திரத்தில் அவளுக்கு ஒதுக்கிய கடைசி நேரம் அன்று காலைதான். தவறினால் அந்தப் படிப்புத் தவணையில் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. ஒன்றும் தெரியாத ஆள் என்றதும் வாணிக்கு என் ஞாபகம் வந்ததாம்.

கண்ணாடியில் தெரியும் திரையில் இரண்டிரண்டாகச் சீனச் சொற்கள் வரும். பொருளில் தொடர்பு உண்டென்று தோன்றினால் வலது பொத்தான், இல்லையென்றால் இடது. தலை மட்டும் அசையக் கூடாது. நான் தொலைபேசியில் 'ஓம், சரி' சொல்வதற்கும் தலையாட்டுகிறவன். அதை லின்னிடம் யாரும் சொல்லவில்லை.

இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. கறுப்புக் கீறல்கள் வந்து வந்து மறைந்தன. விரல் போன போக்கில் அழுத்தினேன். சற்று நேரத்தில் இடி நின்றது. காதுக்குள், பக்கத்து அறையில் லின்னோடு இருந்த வாணியின் குரல்.

"அப்பா, பிளீஸ், தலையை ஆட்டாதேங்கோ."

"நான் ஆட்டேல்லை."

"ஆட்டுறியள். இஞ்சை ஸ்கிரீனிலை தெரியுது."

மறுபடி இடி. இம்முறை பற்களைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த மணம் வந்தது. கருகிய எண்ணெய். பிறகு கைகள் நனைந்தன, கொதிநீரில் முக்கியதுபோல. இயந்திரம் எரிகிறது என்று முடிவுசெய்து, ஆபத்துக்கென்று கையில் தந்திருந்த ரப்பர் பந்தை நசுக்கினேன். விடவில்லை, நசுக்கிக்கொண்டே இருந்தேன்.

என்னை வெளியே இழுத்தார்கள். இயந்திரத்தை இயக்குபவர் குழாய்க்குள் தலையை விட்டு முகர்ந்தார். ஒரு மணமும் இல்லை. என் கைகள் காய்ந்திருந்தன. எடுத்த படங்கள் பயன்படாது, நேரமும் முடிந்திருந்தது.

லின் கத்தவில்லை. திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். என் தலை அசைந்த இடங்களில் அது துள்ளியிருந்தது. அந்தக் கணங்களில் நான் பார்த்த சொற்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னாள். எண்ணெய், உப்பு. கத்தி, இறைச்சி. நெருப்பு, சட்டி. மலைக்கும் அரசனுக்கும் கோடு நேராகவே கிடந்தது.

வாணி என்னைப் பார்த்தாள். "அப்பா, கனடாக்கு வந்த புதுசிலை என்ன வேலை செய்தனீங்கள்?"

"கோப்பை கழுவினன்."

"எங்கை?"

"ஸ்பெடைனாவிலை. சைனீஸ் ரெஸ்ரோறன்ரிலை."

"ஐயோ! ஃபோமிலை சைனீஸ் தெரியாது எண்டெல்லோ போட்டனீங்கள்!"

"தெரியாதுதானே, பிள்ளை!"

தெரியாதுதான். சமையற்காரர் எழுத்து ஒட்டிய டப்பாக்களைக் காட்டிக் கத்துவார். நான் தலையாட்டிவிட்டு ஓடிப்போய் எடுத்து வருவேன். மூன்று வருடம் அப்படிப் போனது. லின் அதே சொற்களைத் தாளில் எழுதி நீட்டினாள். ஒன்றையாவது சொல்லுங்கள் என்றாள். உற்றுப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சீனக் கடைக்குப் போனால் மனைவி இரண்டு போத்தல்களை என் முகத்துக்கு நேரே பிடிப்பாள். "எது நல்லது? வாயைத் திறக்காதேங்கோ, தலையை மட்டும் ஆட்டுங்கோ." பக்கத்தில் நிற்பவர்கள் விலகிப் போவார்கள். ஆய்வில் சேர்பவர்களிடம் உணவகத்தில் வேலை செய்ததுண்டா என்றும் இப்போது கேட்கிறார்களாம்.

லின் அந்தத் தவணையில் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை.