மூன்றாம் பந்தியும் மைசூர்க் கிளையும்

தீர்த்தரூப சமானரான பாவா சிவபசப்பா அவர்களின் பாதங்களுக்கு மைத்துனன் வீரபத்ரப்பா செய்யும் அநேக நமஸ்காரங்கள். நஞ்சனகூடு ஸ்ரீகண்டேஸ்வரன் கிருபையால் மைசூரில் அனைவரும் நலம். பெங்களூர்ப் புகைக்கும் நெரிசலுக்கும் நடுவில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். நம்புவதில் தப்பில்லையே.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்துவிட்டேன் பாவா! போனில் என்னைப் பேசவிட மாட்டீர்கள், அதனால்தான் கடிதம். "உங்க கிளையை மூடப்போறாங்களாம், நீயும் மூட்டையைக் கட்டிக்கிட்டு பெங்களூருக்குத்தான் வரணும்" என்று யுகாதியன்று சிரித்தீர்கள் அல்லவா? மூடவில்லை. கல்யாணச் சத்திரங்களுக்கு மென்பொருள் செய்யும் எங்கள் கம்பெனியின் மைசூர்க் கிளையும், அதன் மானேஜராகிய நானும் பாறை மாதிரி இருந்த இடத்திலேயே இருக்கிறோம்.

நடந்ததைக் கேளுங்கள். பெங்களூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து மிருணாளினி மேடம் காலை ரயிலில் வந்து இறங்கினார். "அடுத்து என்ன புதுசா செய்யலாம்னு உங்க ஆளுங்களே கூடி யோசிக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள உருப்படியா ஒண்ணாவது வரணும். வரலைன்னா எல்லாரும் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டியதுதான்" என்றார். அதற்குச் சட்டதிட்டம் வேறு. இது திட்டம் போடுவதற்கு முந்தைய கூட்டம், யோசனை மட்டும்தான் வரலாம். எத்தனை நாள், எத்தனை ஆள் என்ற பேச்சே கூடாது. எவன் என்ன உளறினாலும் மட்டம் தட்டக்கூடாது. கூட்டத்தை நடத்துவது நான், ஆனால் "நீங்க வழி மட்டும் காட்டுங்க வீரபத்ரப்பா, உங்க கருத்தைச் சொல்லாதீங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி முயன்றும் நடக்காத காரியம்!

உட்கார்ந்தோம். செருப்பைத் தேடிக்கொடுக்கும் வசதி வேண்டும், சத்திர வாசலில் கழற்றிவிட்டது எங்கே கிடக்கிறது என்று போன் சொல்ல வேண்டும் என்று சிந்தூரா என்ற பெண் காதில் விழாத குரலில் சொன்னாள். உடனே ஓங்கார் என்ற பையன், "அதுக்கு மூணு வாரம் ஆகும் சார், ரெண்டு ஆள் வேணும்" என்று ஆரம்பித்தான். தொட்டிலே வாங்கவில்லை, அதற்குள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறான். காபி வாங்கி வரச்சொல்லி அனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டால் போனில் மணி அடிக்க வேண்டும் என்றான் ருத்ரேஷ். நம் ஜனங்களின் கல்யாணத்தில் அந்த மணி நிற்குமா பாவா? ஆனாலும் மட்டம் தட்டக்கூடாதே, நாக்கைக் கடித்துக்கொண்டு மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஓங்கார் திரும்பி வந்து "அந்த மணிக்கு..." என்று வாயெடுத்ததும் மறுபடி காபி. அன்று ஆபீஸில் காபி ஆறாக ஓடியது. சுவர் முழுக்க மஞ்சள் ஆனதும் மேடம், "சரி, இதுல எது வேணும்?" என்றார்.

"எல்லாமே நல்லா இருக்கு மேடம்," என்றார்கள் எங்கள் ஆட்கள். "பாக்கலாம்."

"எதைப் பாக்கலாம்?"

"எல்லாத்தையும்தான் மேடம். பாக்கலாம்."

நம்மூரில் "பாக்கலாம்" என்றால் அடுத்த ஜன்மத்தில் என்று அர்த்தம், அது தங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மைசூர்க்காரனுக்கு வாய் வருமா? மேடம் கைப்பையை மூடினார். சாமுண்டி மலையை விட்டு, குக்கரஹள்ளி ஏரிக்கரை நடையை விட்டு, அந்த ஊருக்கா? வந்த கோபத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன். "புதுசா என்ன செய்யறதுங்கிறதை விடுங்கப்பா! கடைசியா போன கல்யாணத்துல வயிறு எரிஞ்சது எதுக்கு? அதைச் சொல்லுங்க!"

பாவா, தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. எங்கள் ஆபீஸார் எல்லாரும் கடைசியாகப் போன கல்யாணம் தாங்கள் நடத்திய நம் தாட்சாயிணியின் கல்யாணம்தான்.

அணை உடைந்த மாதிரிக் கொட்டினார்கள். "சாப்பாட்டு ஹால் கதவுகிட்ட கால் கடுக்க நின்னேன் சார்! மூணாம் பந்தியில உள்ளே விட்டாங்க, ஒப்பட்டுப் போளி தீர்ந்துபோச்சு!" என்று கத்தியது சிந்தூரா. அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. "நான் ஒருத்தர் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு இடம் பிடிச்சேன். என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தே மனுஷனுக்குப் புரையேறிடுச்சு" என்றான் ருத்ரேஷ். ஓங்கார், பாவம், பஸ்ஸுக்கு நேரமாகித் தாம்பூலப் பைத் தேங்காயை உடைத்துத் தின்றபடி ஊர்போய்ச் சேர்ந்தானாம். கருத்துச் சொல்லக்கூடாது என்ற நினைப்பெல்லாம் எனக்குப் பறந்துவிட்டது. "நான் பொண்ணுக்குத் தாய்மாமன்! எனக்கே வெறும் ரசமும் சாதமும்தான்!" என்று நானும் கத்திவிட்டேன். மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க, எது வேணும்?"

"அடுத்த பந்தி எப்போ, நமக்கு எந்தப் பந்தின்னு போன்லயே தெரியணும்!" என்றார்கள் எல்லாரும். ஒருவர் வாயிலும் "பாக்கலாம்" இல்லை. அதோடு செருப்பையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று ருத்ரேஷ் மரியாதைக்குச் சொன்னதற்கு, சிந்தூரா எழுந்து நின்று, "அது என் யோசனைதான். வேண்டாம்!" என்றாள். எங்கள் கிளையில் ஒலித்த முதல் "வேண்டாம்" அது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இப்பவாவது எத்தனை வாரம்னு கேக்கலாமா சார்?" என்றான் ஓங்கார்.

"கேளு ராஜா, இப்ப கேளு!" என்றேன்.

கிளை இங்கேயே இருக்கும் என்று மேடம் எல்லார் முன்னாலும் சொல்லி என் கையைக் குலுக்கினார். தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். இனி என்னைப் பெங்களூருக்கு இழுக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது, தங்கள் நண்பர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம். தாட்சாயிணியும் மாப்பிள்ளையும் சகல சௌபாக்கியங்களோடு வாழ ஸ்ரீகண்டேஸ்வரன் அருளட்டும்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து நடக்கும் மைத்துனன்,
வீரபத்ரப்பா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மேடத்தின் உத்தரவு வந்தது. கிளை மைசூரிலேயே இருக்குமாம். ஊமையையும் பேசவைக்கும் ஆள் தலைமை அலுவலகத்தில்தான் இருக்க வேண்டுமாம், அதனால் மாற்றல் எனக்கு மட்டும். திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். ஞாயிறு ரயிலில் வருகிறேன். வீடு கிடைக்கும்வரை தங்கள் வீட்டில்தான். வேறு கடிதம் எழுத நேரமில்லை. அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது, தயவுசெய்து, முதல் வரி நமஸ்காரங்களோடு நிறுத்திவிடுங்கள்.