ரெண்டு பேருக்குக் கேட்கிற செட்டு

செல்லூர், மதுரை
25-8-85, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை பேயாண்டிக்கு, உன் அக்கா வீட்டுக்காரர் சிவனாண்டி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா சோலையம்மாளும் தனித்தனியாக நலமாக இருக்கிறோம். குவைத்தில் நீ வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் வெளியே போவதில்லை என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு ஊருக்கு வருவதாகவும், பெட்டியில் ஒரே ஒரு சாமானுக்குத்தான் இடம் இருப்பதாகவும், "டேப் செட்டுன்னா எந்த மாதிரி செட்டுன்னு தெளிவா எழுதுங்க, போன தடவை மாதிரி வாங்கியாந்த பிறகு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்காதீங்க" என்றும் எழுதியிருந்தாய். நான் மூஞ்சியைத் தூக்கவில்லை மாப்பிள்ளை. நீ கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியின் பிளக் நம்ம வீட்டுச் சுவரில் எந்த ஓட்டையிலும் நுழையவில்லை, அதைக் கொஞ்ச நாள் வருத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இந்தத் தடவை தெளிவாகவே எழுதுகிறேன். நான் தீர்மானம் பண்ணியாகிவிட்டது. இனி யார் வந்து சொன்னாலும் மாற்றுவதாக இல்லை.

நம்ம வீடு உனக்குத் தெரியும். இடது பக்கம் சின்னச்சாமியின் விசைத்தறி, வலது பக்கம் அவர் மச்சினனின் விசைத்தறி. ஞாயிற்றுக்கிழமைகூட தறிக்கு லீவு கிடையாது. வீட்டுக்குள் பேசினால் வாய் அசைவது தெரியும், சேதி தெரியாது. நான் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன், விசில் கையில் இருக்கிறது. ஒரு விசில் அடித்தால் தண்ணி, ரெண்டு விசில் அடித்தால் சாப்பாடு, நீளமாக அடித்தால் வாசலில் ஆள் வந்திருக்கிறது என்று ஏற்பாடு செய்து குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். இதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த லட்சணத்தில் ரேடியோவில் ஞாயிறு மத்தியானம் ஒரு தொடர் நாடகம் போட்டார்கள். கோமதி என்று ஒரு மருமகள், யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். மாமியார் மனசு மாறி வாராவாரம் அழுகிறாள். தறிச் சத்தத்தில் இதை எப்படிக் கேட்டோம் என்று கேட்பாய். ரேடியோப் பெட்டியில் இந்தப் பக்கம் என் காது, அந்தப் பக்கம் உன் அக்கா காது, நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொள்ள உட்கார்ந்து கேட்டோம். கடைசி வாரம். வாசல் கதவை யாரோ டொக் டொக் என்று தட்டுகிறார்கள். "யாரது?" என்கிறாள் மாமியார். கரண்டு போய்விட்டது. ரேடியோ நின்றது, ரெண்டு பக்கமும் தறி நின்றது, தெருவே கப்சிப். "கோமதி வந்துட்டா பாத்தியா," என்றேன். "வந்தது தபால்காரனா இருக்கும். போனவ எதுக்கு வரணும்?" என்றாள் உன் அக்கா. "மாமியார்தான் இம்புட்டு அழுகுதே," என்றேன். "மாமியார் திட்டுனதுக்கா அவ போனா? அந்த வீட்ல அவகிட்டப் பேசறதுக்கு ஒரு ஆளு இல்ல, அதுக்குத்தான் போனா. நானா இருந்தா திரும்பி வர மாட்டேன்," என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது, தறி ஓடியது. நான் சொன்ன பதில் அவளுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.

அன்றையிலிருந்து விசில் அடித்தால் அடுப்படியிலிருந்து ஆள் அசைவது இல்லை. இதுகூடப் பரவாயில்லை மாப்பிள்ளை, நானே போய்ச் செம்பில் மோந்து குடித்துவிடுவேன். ஆனால் போன மாசம் பரவைக்கு, உங்க சின்னம்மா மகள் முத்துத்தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். எப்போதும் வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்று சைகையாவது காட்டுகிறவள், அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கூடப்பிறந்தவள் விஷயம், உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லுவேன். கதவைத் தட்டியது கோமதிதான் என்று நிரூபித்துக் காட்டிவிட்டால், போனவள் வருவாள் என்று ஆகிவிடும் அல்லவா? அதற்குத்தான் இந்த செட்டு. பாட்டுக் கேட்கிற வயசா எனக்கு?

காஜிமார் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஜலால், ரேடியோவிலிருந்து நேராக ஒயர் கொடுத்து எல்லா நாடகத்தையும் கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். கடைசி வாரமும் இருந்தது. "கொண்டுபோங்கண்ணே, யாரு தட்டுனதுன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். குடும்ப விவகாரம், நான் நடுவுல வர மாட்டேன்," என்று கேசட்டைக் கொடுத்தார். கேசட் கிடைத்துவிட்டது, போட்டுக் கேட்க செட்டு வேண்டுமே. முதலில் சின்னச்சாமியின் செட்டை வாங்கினேன். செங்கலை நீட்டினாற்போல் இருக்கும், தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி உண்டு. வீட்டுக்குள் அது முனகுகிறதா பாடுகிறதா என்றே தெரியவில்லை. சரி என்று வைகை மணலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உன் அக்காவும் வந்தாள், பத்தடி பின்னால், தபால்காரனைப் பார்க்க. மணலில் வைத்து அமுக்கியதும் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மாமியார் அழ ஆரம்பித்ததும், "அழுகாச்சி எதுக்குண்ணே, பாட்டுப் போடுங்கண்ணே," என்று சோணை என்று ஒருத்தன் தானே கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, திரும்பவும் அதையே சொன்னான். அது சிவப்புப் பொத்தான். பதிவு பண்ணுகிற பொத்தான். இப்போது அந்தக் கேசட்டில் மாமியார் "என் ராசாத்தி, நீ எங்கடி இருக்கே?" என்று கதறினால், "பாட்டுப் போடுங்கண்ணே" என்று பதில் வருகிறது. சிவப்புப் பொத்தானை விடுவித்து மேற்கொண்டு ஓட விட்டால் பேட்டரி இறங்கிவிட்டது. மாமியார் குரல் இழுத்து இழுத்து மாமனார் குரலாகி, அப்படியே நின்றும் போனது. திரும்பி வரும்போதும் பத்தடி பின்னால்தான் வந்தாள்.

அடுத்து ஜலால் ஒரு வாக்மேன் கொடுத்தார். இடுப்பில் சொருகி, ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொள்கிற மாதிரி. அருமையான சாமான் மாப்பிள்ளை, அதை மாட்டிக்கொண்டால் எந்தத் தறியும் ஒன்றும் செய்ய முடியாது. உன் அக்கா மறுபடியும் பரவைக்குப் போயிருந்த அன்று மாட்டிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கேட்டேன். மாமியார் அழுது முடித்து மூக்கைச் சிந்துகிற கட்டம். அப்போது ஜன்னல் வழியாக ஒரு கத்தரிக்காய் வந்து என் நெஞ்சில் விழுந்தது. எட்டிப் பார்த்தால் உன் அக்கா. பரவையிலிருந்து வந்து வாசலில் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்து, எதிர் வீட்டு இருளாயி பார்த்துச் சிரித்து, கடைசியில் சந்தையில் வாங்கிய காயை எடுத்து எறிந்திருக்கிறாள். நான் கதவைத் திறந்துகொண்டே, "செத்த இரு, இப்பத்தான் கதவைத் தட்டப் போறாங்க," என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டாள். "எம்புட்டு நேரமா நாந்தான் தட்டிக்கிட்டு இருக்கேன்!" என்று கத்தியது எனக்கு முழுசாகக் கேட்டது. அதற்கு மேலும் ஒன்று கத்தினாள்: "நீங்க மட்டும் கேட்டுட்டு வந்து எங்கிட்ட முடிவு சொல்ல வேணாம். மாத்திச் சொல்லுவீங்க." அதில் நியாயம் இருக்கிறது. மாற்றித்தான் சொல்லியிருப்பேன்.

ஆகவே ஜலாலிடம் உட்கார்ந்து ஆலோசித்து எடுத்த முடிவு இது. வாக்மேன் முதன்முதலில் வந்த காலத்து மாடல் ஒன்றில் ஹெட்போன் சொருகுவதற்கு ரெண்டு ஓட்டை இருக்குமாம். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கலாம். அதுதான் வேண்டும். புதுசில் கிடைக்காவிட்டால் பழசாக இருந்தாலும் தேடிப் பிடி. கடைக்காரன் ஒரு ஓட்டை செட்டைக் காட்டி மயக்குவான், மயங்காதே. பெரிய ஸ்பீக்கர், கலர் விளக்கு, ரேடியோ சேர்ந்தது, எதுவும் ஆகாது. அந்த மாடலில் ஒரு பேசுகிற பொத்தானும் இருக்குமாம். அதை அமுக்கினால் ஓடுகிற கேசட் சத்தம் அடங்கி, ஒருத்தர் பேசுவது மற்றவர் காதில் கேட்குமாம். அந்தப் பொத்தான் இல்லாத செட்டாகப் பார். நாங்கள் பேசுவதற்கு என்ன இருக்கிறது? கதவைத் தட்டியது யார் என்று தெரிந்தால் போதும்.

சாமானைச் சட்டைத் துணிக்குள் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வா. மீனாட்சி உன்னை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்ப்பாள். உன் அக்காவும் ஆசீர்வாதம் சொல்லியிருப்பாள், நான்தான் இன்னும் போய்க் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தீர்மானத்தில் உறுதியாக இருக்கும்
சிவனாண்டி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஜலால் ஓடி வந்தார். அவர் மாமு ஒருத்தரிடம் அதே ரெண்டு ஓட்டை செட்டு இருந்ததாம், கையோடு வாங்கிவந்துவிட்டார், சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டுமாம். உடனே உட்கார்ந்தோம், என் தலையில் ஒன்று, உன் அக்கா தலையில் ஒன்று. மாமியார் அழுதாள், சோணை பாட்டுக் கேட்டான், டொக் டொக், "யாரது?" அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டுவதாக நினைத்து எதையோ அமுக்கிவிட்டேன். அது பேசுகிற பொத்தான். நாடகம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. "என்ன?" என்று உன் அக்கா கேட்டாள். தறிச் சத்தமும் கூடவேதான் வந்தது, ஆனாலும் அவள் குரல் என் காதுக்குள் இருந்தது. அம்புட்டுப் பக்கத்தில் அவள் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது மாப்பிள்ளை. "சோலை," என்று மட்டும் சொன்னேன். "நான் தட்டினா உங்களுக்குக் கேக்குமா?" என்றாள். "கேக்காது, தறி ஓடுது. அதனால இனிமே கதவைத் தாழ்ப்பாள் போட மாட்டேன்," என்றேன். "அப்ப வருவேன்," என்றாள். அதற்குப் பிறகு கத்தரிக்காயைப் பற்றி, இருளாயியைப் பற்றி, உனக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி எல்லாம் பேசினோம். கேசட் முடிந்து டக் என்று நின்றபோதும் என் விரல் பொத்தானில்தான் இருந்தது. "யாரு தட்டுனது, கேட்டீங்களாண்ணே?" என்றார் ஜலால். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கேசட்டைப் பின்னால் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார் அவர், உன் அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. பேசுகிற பொத்தான் கட்டாயம் இருக்க வேண்டும். கேசட் ஓடாத பழுதான செட்டாக இருந்தாலும் பாதகமில்லை. பேட்டரி மட்டும் நிறையக் கொண்டு வா.