கொழுப்புக் கோடுகள்

சால்மன் மீன் துண்டோடு வாசல்படி ஏறும்போதே மூக்குக்கண்ணாடிக்கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மகளைக் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் பெற்றோர் முதல்முறையாக மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். "பண்ணையில வளர்த்த சால்மன் எனக்குத் தொண்டையில இறங்காதுங்க" என்று பையனின் அம்மா போனில் சொல்ல, "கவலையே படாதீங்க, எனக்குப் பார்த்தாலே தெரியும்" என்று இவர் அளந்துவிட்டார். ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவர், தெரியாது என்பாரா?

"வெள்ளைக் கொழுப்புக் கோடு பட்டை பட்டையா இருக்கே. வளர்ப்புதான்" என்றாள் மனைவி.

திரும்ப ஓடினார். மீன்காரம்மா செக்கச்செவேலென்று வேறொரு துண்டை எடுத்துப் போட்டாள்.

"கோடு எவ்வளவு மெல்லிசு பாருங்கண்ணே. ஆத்துல எதிர்த்து நீந்தின உடம்பு!"

அதைக் கொண்டுவந்து பழைய துண்டின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, சட்டை மாற்றப் போனார். வந்து பார்த்தால், மனைவி இரண்டுக்கும் மிளகாய்த்தூள் தடவி முடித்திருந்தாள். இப்போது இரண்டும் ஒரே சிவப்பு.

"எதுடி நல்லது?"

"பார்த்தாலே தெரியும்னீங்களே. பாருங்க."

வாசல் மணி அடித்தது. மகள் போய் விருந்தாளிகளைக் கூடத்தில் உட்கார வைத்தாள்.

இவர் இரண்டு துண்டையும் குழாயில் கழுவி, கடைப் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். மிளகாய்த் தண்ணீர் கண்ணில் தெறித்தது. குரல் ஏறியது. இவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த வீட்டில் கேட்கும்.

"பாருடி, வளர்ப்போட லட்சணம்! உடம்பு முழுக்கக் கொழுப்பு!"

"மெதுவா பேசுங்க..."

"எதுக்கு மெதுவா? ஓடியாடின உடம்பா இது? ஒரே இடத்துல வச்சுத் தீனி போட்டுப் போட்டே கெடுத்திருக்காங்க! இதைப் போய் நம்ம தலையில கட்டிட்டாங்களே!"

கூடத்தில் பேச்சு நின்றது. முகம் வெளுத்து மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, அவங்க எழுந்துட்டாங்கப்பா!"

தட்டோடு கூடத்துக்குப் பாய்ந்தார். "ஐயையோ, நான் மாப்பிள்ளையைச் சொல்லலீங்க! மீனைச் சொன்னேன், இந்த மீனை!"

பையனின் அப்பா தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பொத்தென்று மறுபடி உட்கார்ந்தார்.

"மீனையா? அட போங்க சம்பந்தி, எல்லாம் தெரிஞ்சும் பொண்ணு குடுக்கறீங்களேன்னு கையைப் பிடிச்சு நன்றி சொல்லத்தானே எழுந்தோம்!"