ஐம்பத்திரண்டு ஆர்ட்டின் ராணிகளும் ஒரு வெள்ளிக்கிழமையும்

தென்காசி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சங்கிலிப்பாண்டி அண்ணனுக்குத் தங்கை முத்துலட்சுமி எழுதுவது. நான் நலம். கோயம்புத்தூரில் மகள் ஜெயபிரியாவும் நலம். என் வீட்டுக்காரரான உங்கள் மாப்பிள்ளையைப் பற்றி அந்த வார்த்தையை உறுதியாக எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் முருகம்மாள் மதினியும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் என்ன என்பீர்கள். நான் போனைக் கையில் எடுத்தாலே இவர் பக்கத்து அறையில் மின்விசிறியை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் பதிலைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர்கள். போன பொங்கலுக்கு அப்படித்தான் நடந்தது.

நீங்கள் இன்ஸ்பெக்டர் என்பதால் கேட்கிறேன். ரம்மியில் ஜோக்கர் எது என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், ஐம்பத்தாறு வயதில் திடீரென்று சூதாட்டக்காரராக மாறுவது உண்டா? சாரல் தொடங்கிய வாரத்தில் முதல் பார்சல் வந்தது. புத்தகம் என்றார். புத்தகம்தானே என்று நானும் சந்தோஷப்பட்டேன். பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் விரல்கள். சீட்டுக்கட்டின் அடியிலிருந்து சீட்டை உருவி மேலிருந்து போடுவதுபோல் போடுவது எப்படி என்று ஒரு அத்தியாயம், கலைத்த மாதிரி காட்டிக் கலைக்காமல் வைப்பது எப்படி என்று ஒரு அத்தியாயம். அடுத்த பார்சலில் சீட்டுக்கட்டுகள். ஒன்றில் ஐம்பத்திரண்டும் ஆர்ட்டின் ராணி. இன்னொன்றில் முதுகுப் பக்கத்துப் பூவில் ஒரு இதழ் மட்டும் சீட்டுக்குச் சீட்டு வேறு மாதிரி இருக்கிறது, கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கேட்டதற்கு, "பொழுதுபோக்குதான்ட்டி, மூளைக்கு நல்லது" என்றார். கல்லூரியில் இத்தனை வருஷம் புள்ளியியல் நடத்துகிறேன். ஐம்பத்திரண்டு ராணி உள்ள சீட்டுக்கட்டில் மூளைக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஒரு காலை, துணி துவைக்க வரும் கோமதியம்மாள் கொல்லைப்புறத்திலிருந்து "யம்மா, சாரு வெரலு அந்து துணியோட கிடக்கு" என்று தெருவே கேட்க அலறினாள். சார் அப்போது பத்து விரலோடும் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் ரப்பரில் செய்த கட்டைவிரல், நகமெல்லாம் வைத்து. சொந்த விரலின் மேல் மாட்டிக்கொண்டு உள்ளே எதையாவது ஒளிப்பதற்காம். எதை ஒளிப்பதற்கு என்று கேட்டேன். கைக்குட்டை என்றார். கைக்குட்டையை ஒளிக்க ஒருவர் விரல் வாங்குவாரா, நீங்களே சொல்லுங்கள். அதற்குள் எதிர்வீட்டில், குற்றாலத்தில் ஏதோ கிளப்பில் சீட்டு விளையாடித் தோற்று விரலை வெட்டிக் கொடுத்துவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. நான் மறுத்துச் சொல்லவும் இல்லை. கிளப் என்பது எனக்கும் தோன்றாமல் இல்லை.

ஏனென்றால் அலுவலகம் விட்டதும் நேரே வீட்டுக்கு வரும் மனிதர் இப்போது குற்றாலம் போய்வருகிறார், குளிக்காமல். சீசனில் தலை நனையாமல் குற்றாலத்திலிருந்து திரும்புகிறவரை எந்த மனைவி நம்புவாள்? போன வாரம் ஒரு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். ஐந்தருவியில் சுடலைராஜ் என்பவருடைய நேந்திரம் சிப்ஸ் கடை முன்னால் நிற்கிறார். கையில் விசிறிபோல் விரித்த சீட்டு. குளித்துவிட்டு ஈரத்தலையோடு போகிறவர்களை எல்லாம் மறித்து, "ஒண்ணு எடுங்க, எதை வேணும்னாலும் எடுங்க" என்கிறார். ஒரு மலையாளத்து அம்மா "வேண்டா, வேண்டா" என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஒரு பையன் எடுத்தான். இவர் "ஸ்பேட் ஏழு" என்றார். அது டைமன் ராஜா. கடைசியில் ஒரு குரங்கு இறங்கி வந்து ஒரு சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அது கடித்துப் பார்த்துக் கீழே போட்டதும் எடுத்துப் பார்த்தால் ஸ்பேட் ஏழு. சுடலைராஜ் கை தட்டினார். "சாருக்கு இன்னைக்குத்தான் வெளங்கிருக்கு" என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க மதினி, நல்லா நனைஞ்சிட்டியளே, சிப்ஸ் சாப்பிடுதியளா?" என்றார். உங்கள் மாப்பிள்ளை சீட்டை எல்லாம் சட்டைக்குள் போட்டார். பாதிக்கு மேல் வேட்டி வழியாகக் கீழே விழுந்தது.

வீடு வந்து கேட்டதில்தான் உண்மை வந்தது. ஜெயபிரியா தன்னோடு வேலை பார்க்கும் முத்துச்செல்வத்தைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னது உங்களுக்குத் தெரியும். நம் ஆட்கள்தான், அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம். இவருடைய அக்கா ரெங்கம்மாள் மதினிதான், "கமிஷன் கடைக்காரன் வீட்டுல பொண்ணைக் குடுத்தா கழுத்துல கிடக்கதையும் தராசுல வச்சுப் பாப்பான்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். தாயில்லாத இவரைத் தூக்கி வளர்த்தவள், அவளை மீறி இவர் தாம்பூலம் மாற்ற மாட்டார். அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு இலைப் பொட்டலம், ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. மதினியே எடுப்பாள். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இந்தப் பேச்சே கூடாது. வருகிற வெள்ளிக்கிழமை.

"அதுக்குத்தான்ட்டி படிக்கேன்" என்றார். "எடுக்கவ தானா எடுக்கதாத்தான் நினைப்பா. நாம நீட்டுததைத்தான் எடுப்பா."

"சாமி முன்னாடியா திருட்டுத்தனம்?" என்றேன்.

"அம்மனுக்கு நம்ம பிள்ளை மனசு தெரியும். கை தவறி மாத்திச் சொல்லிரக் கூடாதேன்னு ஒரு ஒத்தாசை பண்ணுதேன், அவ்வளவுதான்."

அண்ணே, எனக்குப் பூவில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு விதிக்கு ஒத்துக்கொண்ட பிறகு அதில் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. பரீட்சை அறையில் எத்தனை பேரை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன். தவிரவும், ஐந்தருவியில் குரங்கை வைத்து ஒருமுறை பலித்த வித்தை மதினியிடம் பலிக்காது. அவள் இவர் கையைப் பிடித்துவிட்டால் கல்யாணமும் போகும், அக்கா தம்பி உறவும் போகும். நீங்கள் வியாழக்கிழமைக்குள் வந்து போலீஸ் குரலில் இவரிடம் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். புத்தகங்களையும் விரலையும் கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.

முருகம்மாள் மதினிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வரும்போது குளிக்கத் துண்டு கொண்டுவாருங்கள், இங்கே சீசன் விருந்தாளிகள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆசியை வேண்டும் தங்கை,
முத்துலட்சுமி

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை மாலை: இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டிவரை கொண்டுபோய், போடாமல் திரும்பிவிட்டேன். நீங்கள் வர வேண்டாம். வெள்ளைப் பூ வந்துவிட்டது. இவர் தட்டை நீட்டினார், மதினி எடுத்தாள், பிரித்தாள், பூசாரியிடம் காட்டினாள். "அம்மனே சொன்ன பெறவு நான் யாரு" என்று ஜெயபிரியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். உங்கள் மாப்பிள்ளை தன் விரல்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். பொட்டலம் கட்டும் வேலை எனக்கு விழுந்தது. நான் இரண்டிலுமே நந்தியாவட்டையைத்தான் வைத்தேன். பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் விடுவதற்கா புள்ளியியல் படித்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவ எடுத்தால், மிஞ்சிக் கிடந்த பொட்டலத்தில் பச்சை நூல். நான் கட்டியது வாழைநாரால். பிரித்தேன், வெள்ளை. என்னுடைய இரண்டும் இவர் சட்டைப்பையில் பிரிக்காமல் கிடக்கின்றன. நான் கட்டியதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்திருக்கிறார். படித்த வித்தையின் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. இதுவரை எனக்கு விளங்குகிறது. அதே தட்டில் மதினி பிரித்துக் காட்டிய இலையும் கிடந்தது. அதில் மஞ்சள் கயிறு. அது நான் கட்டியதும் இல்லை, இவர் கட்டியதும் இல்லை. அதைத் தொட்டது அவள் கை மட்டும்தான். இவர் நீட்டிக் கொடுத்த பச்சை நூல் பொட்டலம் அவள் சேலை முந்தியில் முடிந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன், கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அண்ணே, இன்றைக்கு எங்கள் மூன்று பேரில் ஒருத்தர்கூடக் கோயிலுக்குச் சிவப்புப் பூ கொண்டுபோகவில்லை.