இருபத்தைந்து தட்டியும் ஒரு ஜன்னலும்

இனிமேல் எதையும் தட்டிக் கழிப்பதில்லை என்று கிடங்கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். அவருடைய வாழ்க்கையில் இதுவரை பெரிய முடிவுகள் இரண்டு நடந்திருக்கின்றன. கல்யாணத்தை அப்பா முடிவு செய்தார். மீசையை எடுப்பதை மனைவி முடிவு செய்தாள். தானாக எடுத்தது இதுதான் முதல் தடவை, அதனால் கொஞ்சம் படபடப்பாக இருந்தது.

கிடங்கார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒரு குழாய்க் கம்பெனியில், தரைக்குக் கீழே உள்ள கிடங்கில், பத்தொன்பது வருடமாகக் குழாய் அடுக்குகிறார். அங்கே ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை மேலிருந்து இறங்கி வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிப்பார், எழுந்தால் திரும்ப யோசிப்பார்.

அந்தக் கம்பெனியின் முதல் மாடியில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி காலியாகியிருந்தது. கடிதம் எழுதுகிறவர் உட்கார்ந்த நாற்காலி. அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். கிடங்கார் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டார். வேறு எதற்கும் ஆசைப்படுகிற தெம்பு அவரிடம் மிச்சமில்லை.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி வார்டு தேர்தலில் நின்றார். சின்னம் பூட்டு. ஒருநாள் கிடங்குக்கே இறங்கி வந்தார்.

"தொட்டித் தெருவுல நம்ம தட்டி இருபத்தஞ்சு நிக்கணும். ஓட்டுப் போடுற நாள் வரைக்கும் நிக்கணும். நின்னா, மேல ஜன்னலோர நாற்காலி உனக்கு."

"விழுந்துட்டா?"

"நீ இங்கேயே நில்லு."

தட்டி என்றால் மரச்சட்டத்தில் அடித்த ஆளுயரப் பலகை. முன்பக்கம் முதலாளியும் பூட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் வெறும் பலகை. கீழே இரண்டு கால், குழி தோண்டி ஊன்றுவதற்கு. பொருளில் ஒரு குறையும் இல்லை. தெருதான் குறை.

தொட்டித் தெருவுக்கு முதலாளியைக் கண்டால் ஆகாது. தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டி நிற்கும் முட்டுச் சந்து அது. முதலாளியின் லாரிகள் திரும்ப இடமில்லாத போதெல்லாம் அதற்குள் புகுந்து திரும்பும். அப்படித் திரும்பித் திரும்பித் தரைக்கடியில் இருந்த தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டன. குழாய் விற்கிறவர் உடைத்த குழாய் என்பதால் தெரு அதை மறக்கவே இல்லை. இரண்டு வருடமாக அங்கே வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம்தான் தண்ணீர்.

பக்கத்துத் தெருவில் இருந்த கிடங்கார் வீட்டுக்கும் அதே குழாய், அதே அரை மணி. அவர் மனைவி இரண்டு வருடமாகக் குடம் தூக்கினாள்.

"உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நேரம் பாத்துச் சொல்றேன்."

இரண்டு வருடமாக நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளும் கேட்டுக் கேட்டு அலுத்து, தானே மனு எழுத ஆரம்பித்தாள். மாதத்துக்கு நாலு காகிதம் கையெழுத்துக்கு நீட்டுவாள். என்ன என்று கேட்டால், "தண்ணி விஷயமா" என்பாள். படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுப்பார். அவருக்குக் கையெழுத்து அழகு. கிடங்கில் அதற்கு வேலையில்லாததால் வீட்டில் தாராளமாகப் போட்டார்.

அவளைப் பிறந்த வீட்டில் பாப்பா என்பார்கள். நாற்பத்தாறு வயதாகியும் சுற்றுவட்டாரமே அவளைப் பாப்பாக்கா என்றுதான் கூப்பிட்டது. கிடங்கார் 'இந்தாம்மா' என்பார். கல்யாணப் பத்திரிகையில் வேறு ஏதோ நீளமாக ஒரு பெயர் அச்சாகியிருந்த ஞாபகம் அவருக்கு உண்டு. அதற்கப்புறம் அந்தப் பெயரால் அவருக்கு ஒரு வேலையும் வரவில்லை.

ஞாயிறு காலை, முடிவெடுத்த கையோடு, ஐந்து தட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தொட்டித் தெருவுக்குள் போனார். முதல் வீட்டு வாசலில் ஒரு தையற்காரர் நின்றிருந்தார்.

"ஒரு தட்டி வைக்கலாமுங்களா?"

"யாரோடது?"

கிடங்கார் பலகையைத் திருப்பிக் காட்டினார். தையற்காரர் முதலாளியின் முகத்தை மேலிருந்து கீழ்வரை அளவெடுத்தார்.

"வைங்க. வச்சுட்டு உடனே போயிடுங்க. என்ன ஆச்சுன்னு அப்புறம் கேக்காதீங்க."

கேட்கவில்லை. மத்தியானம் போய் எட்டிப் பார்த்தார். ஒரு முதலாளி தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகியிருந்தார். ஒருவர் கோழிக்கூண்டுக்குக் கதவாகியிருந்தார். ஒருவர் சாக்கடையின் மேல் படுத்திருக்க, தெருவே அவரை மிதித்துக்கொண்டு போய்வந்தது. மற்ற இருவரைக் காணவில்லை. தள்ளுவண்டியையும் காணவில்லை.

வீட்டுக்கு வந்து சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"என்னங்க, முகம் இப்படி இருக்கு?"

"மிதிச்சுட்டாங்க."

"உங்களையா?"

"முதலாளிய. எனக்கு அலுப்பா இருக்கு, இந்தாம்மா. மிச்சம் இருக்கிற இருபதும் நிக்கலேன்னா நான் கிடங்குலயே கிடந்து சாக வேண்டியதுதான். விழுந்த அஞ்சுக்கும் பதில் தட்டி அனுப்புறேன்னு முதலாளி போன்ல வேற சொல்லிட்டார்."

அவள் முறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பையிலிருந்து வேட்பாளர் பட்டியலை எடுத்துப் பிரித்தார்.

"எதிர்ல நிக்கிறது பல் டாக்டர். சின்னம் சீப்பு. ஆளுக்குத் தலையில ஒரு முடி கிடையாது. மூணாவதா யாரோ ஒரு பொம்பள, சுயேச்சை. சின்னம் கெட்டில். பேரு வாய்க்குள்ளயே நுழையல."

"நுழையலேன்னா விடுங்க."

"பத்து ஓட்டு வாங்குமா அது?"

"பதினொண்ணு வாங்கும்னு வைங்க," என்றாள் அவள். பிறகு முறத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, "தட்டி நிக்கணும், அவ்வளவுதானே? நான் கூட வரேன். தெருவுல உள்ள பொம்பளைங்க எல்லாம் எனக்குப் பழக்கம். வரிசையில குடத்தோட நின்னு நின்னு பழக்கம்," என்றாள்.

கிடங்கார் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். இருபத்திரண்டு வருடத்தில் இவள் நம் வேலைக்கு இப்படிக் கை கொடுத்ததில்லையே என்று நினைத்தார். சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். அவருக்குச் சந்தேகப்படவும் தெம்பில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் போனார்கள். இருபத்தைந்து தட்டியையும் கம்பெனி வேன் தெருமுனையில் இறக்கிவிட்டிருந்தது. அவர் கையில் கடப்பாரை. அவள் கையில் ஒரு வாளி, ஒரு பெரிய துணிப்பை.

"பையில என்ன?"

"பசை, பேப்பர். பலகையில பின்னாடி ஈரம் ஏறாம ஒட்டணும். இல்லேன்னா ரெண்டு நாள்ல வளைஞ்சுரும்."

இந்த நுணுக்கம் முதலாளிக்கே தெரியாதே என்று அவர் வியந்தார்.

வேலைமுறையையும் அவளே சொன்னாள். தொட்டிப் பக்கம் ஆரம்பித்து, ரோட்டுப் பக்கமாக வர வேண்டும். தட்டியின் முகம் ரோட்டைப் பார்க்க வேண்டும். அவர் குழி தோண்டி ஊன்றிவிட்டு அடுத்த குழிக்குப் போக வேண்டும். பின்னாலேயே வந்து மண்ணை மிதித்து இறுக்கிப் பசை போடுவது அவள் பொறுப்பு.

"நீங்க திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டாம். இடுப்பு பிடிச்சுக்கும்."

உண்மைதான், பிடித்துக்கொள்ளும். அவர் திரும்பவே இல்லை. பின்னால் கதவுகள் திறந்தன, பெண்கள் பேசினார்கள், சிரித்தார்கள். "பாப்பாக்கா சொன்னா சரி" என்று ஒரு குரல் கேட்டது. "நம்ம வீட்டு முன்னாடியும் ஒண்ணு வைங்க" என்று இன்னொரு குரல் கேட்டது. தையற்காரர் தானே வந்து கடப்பாரையை வாங்கி இரண்டு குழி தோண்டிக் கொடுத்தார். தள்ளுவண்டிகூடத் திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் காலை கிடங்கார் பயந்துகொண்டே தெருமுனை வரை போனார். உள்ளே போகத் துணிவில்லாமல் அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து பூட்டும் வரிசையாக நின்றன. அதற்கு மறுநாளும் நின்றன. ஒரு மழை வந்து போனது. அப்போதும் நின்றன. மூலையில் சாய்ந்திருந்த ஒன்றை யாரோ கல் வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். மனிதர்கள் நல்லவர்கள் என்று ஒரு வாரம் முழுவதும் அவர் நம்பினார்.

தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி பார்வையிட வந்தார். கிடங்காரைக் காரில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். கார் தொட்டித் தெருவுக்குள் மெதுவாக நுழைந்தது. இரண்டு பக்கமும் பூட்டு, பூட்டு, பூட்டு. வாசலில் நின்ற பெண்கள் முதலாளியைப் பார்த்துக் கைகூடக் காட்டினார்கள்.

"என்னய்யா மந்திரம் போட்டே?" என்று முதலாளி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "நாற்காலியில உனக்குக் குஷன் வேணுமா, வேண்டாமா?"

"வேணுங்க," என்றார் கிடங்கார். கண் கலங்கிவிட்டது. இடுப்பே அழுதது மாதிரி இருந்தது.

கார் தொட்டி வரை போய் நின்றது. டிரைவர் வண்டியைத் திருப்பினார். திருப்பியவர் நகர்த்தவில்லை.

"ஐயா, இது யாருங்க?"

இரண்டு பக்கமும் கெட்டில். ஒவ்வொரு கெட்டிலுக்கும் மேலே ஒரு பெண்ணின் படம். 'தண்ணி வந்தால்தான் கெட்டில் கொதிக்கும்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தெருவுக்குள் வருகிறவர்களுக்குப் பூட்டு. தெருவை விட்டு ஓட்டுப் போடப் போகிறவர்களுக்குக் கெட்டில்.

டிரைவர் கண்ணாடியை இறக்கி நன்றாகப் பார்த்தார். "நம்ம கிடங்கு சார் வீட்டம்மா மாதிரி இருக்குதுங்களே."

மாதிரி எல்லாம் இல்லை. அவளேதான். இருபத்தைந்து முறை அவரைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் இருபத்திரண்டு வருடத்தில் மொத்தமாகவே அவ்வளவு சிரித்ததில்லை.

முதலாளி கெட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு அமைதியாகவே கேட்டார்.

"பலகை என்னுது. சட்டம் என்னுது. ஊனின ஆளும் என் ஆளு. இல்ல?"

"ஆமாங்க."

"இறங்கு."

கிடங்கார் இறங்கி நடந்தார். கெட்டில்களுக்கு நடுவே அந்தத் தெரு ரொம்ப நீளமாக இருந்தது.

வீட்டில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உன் படம் போட்டிருக்கு."

"நல்லா விழுந்திருக்கா?"

"கெட்டில்னு போட்டிருக்கு."

"நான் குழாய்தான் கேட்டேன். இல்லைன்னுட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொன்னேனே. தண்ணி விஷயமான்னு சொன்னேன். நீங்கதான் கையெழுத்தே போட்டீங்க."

உள்ளே போய் ஒரு நகலைக் கொண்டுவந்து நீட்டினாள். வேட்புமனு. முன்மொழிபவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து, சுழித்து, வளைத்து, அடியில் இரண்டு கோடும் இழுத்து, அச்சடித்த மாதிரி இருந்தது.

"என் நாற்காலி போச்சு," என்றார். "பத்தொன்பது வருஷமா நான் வெளிச்சத்தையே பாக்கல. அந்த ஒரு ஜன்னலத்தான் கேட்டேன்."

அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள்.

"தெரியும். நானும் ரெண்டு வருஷமா ஒரு வார்த்தைதான் கேட்டேன். எனக்கும் இடுப்பு இருக்குதுங்க."

அவள் இடுப்பைப் பற்றி அவர் அதுவரை யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து மிச்சக் கீரையை ஆய்ந்தார்கள்.

கெட்டில் ஜெயித்தது. சீப்பு இரண்டாவது. பூட்டு மூன்றாவது. தொட்டித் தெரு பூத்தில் பூட்டுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. தெரு முழுவதும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டது. பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் அதே பூத், அதே பெட்டிதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கிடங்காரும் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தே நாளில் குழாய் மாற்றினார்கள். தண்ணீர் தினமும் வந்தது. தெருவுக்குள் லாரி நுழையக் கூடாது என்று முனையில் ஒரு கம்பத்தை நட்டுவிட்டார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை முதலாளி கிடங்குக்கு இறங்கி வந்தார். சட்டை நனைந்திருந்தது. வெளியே மழை போலிருக்கிறது.

"மேல வா," என்றார்.

முதல் மாடி. ஜன்னல். நாற்காலி. அதில் குஷன்கூட இருந்தது. கிடங்கார் மெதுவாக உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு மழையை அது பெய்கிற இடத்திலேயே பார்த்தார். அரை நிமிடம் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"லாரிக்கு வழி விடச் சொல்லி ஒரு மனு எழுதணும்," என்றார் முதலாளி. "உனக்குக் கையெழுத்து பிரமாதம். வேட்புமனுவுல பாத்தேன். எழுது, நான் நிக்கிறேன்."

கிடங்கார் பேனாவைத் திறந்தார். 'பெறுநர்' என்று அழகாக எழுதினார். 'மாண்புமிகு வார்டு கவுன்சிலர்' என்று அதைவிட அழகாக எழுதினார். அடுத்த வரியில் பெயர் வர வேண்டும். பேனா நின்றுவிட்டது. படத்தைத்தான் இருபத்தைந்து முறை பார்த்தாரே தவிர, பெயரைப் பார்க்கவில்லை.

முதலாளி தோளுக்கு மேலே குனிந்தார். வேறு வழியில்லாமல் கிடங்கார் போனை எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார்.

"இந்தாம்மா... உன் பேரைக் கொஞ்சம் சொல்லேன். அதுல வர்றது ரெண்டு சுழி ‘ன’வா, மூணு சுழி ‘ண’வா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

"மனுவ வீட்டுக்குத் தூக்கிட்டு வராதீங்க," என்றாள். "வார்டு ஆபீஸ்ல செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரிசையில நில்லுங்க. வாசல்ல உங்க பேரைக் கேப்பாங்க. கிடங்கார்னா உள்ள விட மாட்டாங்க. சொந்தப் பேரையாவது ஞாபகப்படுத்திக்கிட்டு வாங்க."